இருந்தாலும் ஆயிரம்

"ரிட்டையர் ஆக இரண்டு கோடி சேர்த்துவிட்டீர்களா?" என்று கைப்பேசிக்குள் இருந்து கோட்டு போட்ட ஒரு பையன் என்னை மிரட்டினான். முப்பது வயதுகூட இருக்காது. விவரம் தெரியாத பிள்ளை. உழைத்து ஓய்ந்த மனிதனுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போதும் என்று 2014 செப்டம்பரிலேயே நம் அரசு கணக்கை முடித்துவிட்டது. முடிவெடுத்தது காங்கிரஸ் ஆட்சி, அமல்படுத்தியது பாஜக ஆட்சி. இரண்டு பங்காளிகளும் சண்டையில்லாமல் கையெழுத்துப் போட்ட அபூர்வ காரியங்களில் அது ஒன்று.

தொழிலாளர் பென்ஷன் திட்டம், 1995. பி.எஃப்.புக்காக முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. தொழிலாளியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் அல்லவா? பென்ஷன் வாங்குபவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். சூத்திரம் எளிது: சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கும் ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். முதலில் 5,000, 2001-ல் 6,500, 2014 முதல் 15,000. அந்தக் கூரை முட்டுகிற சம்பளத்தில் 35 வருடம் உழைத்தவனுக்கு 7,500 கிடைக்கும். அவன் ராஜா. மற்றவர்களுக்கு வகுக்க வகுக்க ஐந்நூறு, அறுநூறு என்று வந்தது. அதைப் பார்த்து மனம் உருகித்தான், ஆயிரத்துக்குக் குறையாமல் கொடுப்போம் என்றார்கள்.

இன்றைக்கு 15,000 சம்பளக்காரன் பெயரில் மாதாமாதம் இந்தக் கணக்குக்குப் போவது 1,250 ரூபாய். வயதான பிறகு அரசு அடித்துச் சொல்லும் உத்தரவாதம் 1,000. நம்மூர்க் கந்துவட்டிக்காரர்கூட இந்தக் கணக்கைக் கேட்டால் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார்.

நாளுக்கு 33 ரூபாய். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், மாதம் 600. மீதி 400-ல் மருந்து, மளிகை, பஸ், பேத்திக்கு ஒரு மிட்டாய். அரிசி ரேஷனில் சும்மா கிடைக்கிறது. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வராத கிழவனாக இருப்பது மட்டும் அவரவர் பொறுப்பு.

கோவையில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மில்லில் சைடர் வேலை பார்த்தவர். மில் மூடிப் பல வருடமாகிறது. அந்த ஆயிரம் ரூபாய் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை அவர் நிரூபிக்க வேண்டும். போன முறை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். சேவை மையத்தில் விரலை வைத்தார், மெஷின் ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "அறுந்த நூலை ஒட்டி ஒட்டி ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுங்க கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். கடைசியில் முகத்தைப் படம் பிடித்தார்கள். "கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா." சிமிட்டினார். இன்னும் ஒரு வருடத்துக்கு உயிரோடு இருக்க அனுமதி கிடைத்தது.

நாடாளுமன்றத்துக்கு இது தெரியாமலா இருக்கிறது? 2013-லேயே மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத்சிங் கோஷ்யாரி தலைமையில், குறைந்தபட்சம் 3,000 கொடுங்கள் என்றது. அடுத்த வருடம் அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தது. கோஷ்யாரி பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநரானார். அறிக்கைக்குத்தான் பதவி உயர்வு வரவில்லை.

விலைவாசி ஏறுவதே டெல்லிக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷனை 25,000-லிருந்து 31,000 ஆக்கி 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கு. பணவீக்கக் குறியீட்டைப் பார்த்து உயர்த்தினார்களாம். ஒரே ஒருமுறை ஜெயித்தால் போதும். ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 2,500 கூடுதல். மில்காரருக்குப் பத்து வருட சர்வீஸ் இல்லையென்றால் மாதப் பென்ஷனே கிடையாது. மத்திய அரசு ஊழியருக்குக் குறைந்தபட்ச பென்ஷன் 9,000, அதற்கு மேல் அகவிலைப்படி. வேண்டியதுதான், அவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் அதே சந்தையில் அதே தக்காளி வாங்கும் மில்காரருக்கு அகவிலைப்படி என்ற வார்த்தையே இந்தத் திட்டத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு பைசா கட்டாத ஆதரவற்ற முதியவருக்கு மாநில அரசு 1,200 கொடுக்கிறது. அதுவும் போதாது. ஆனால் கட்டியவருக்கு அதைவிட 200 குறைவு. சேமிப்புப் பழக்கத்துக்கு விதித்த அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுப் பையன் அடுத்த வீடியோவில் உயில் எழுதச் சொன்னான். பெரியவரிடம் விளையாட்டாகக் கேட்டேன், பெரியம்மாவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று. அதற்கும் அரசு வழி செய்திருக்கிறது. அவர் போன பிறகு மனைவிக்குப் பாதி பென்ஷன். பாதி என்றால் ஐந்நூறுதான், ஆனால் விதவைக்கும் குறைந்தபட்சம் ஆயிரம் என்று விதி இருக்கிறது. யானைக்குச் சொன்ன கணக்கை இந்த மனிதருக்கும் போட்டுவிட்டார்கள், பொன்னை மட்டும் ரூபாயாக்கி.