எழுபதுக்கு முப்பது

“ஆன்ரோடு எத்தனை பர்சென்ட் சார், ஆஃப்ரோடு எத்தனை பர்சென்ட்?”

நேற்று சாயங்காலம் டயர் கடைப் பையன் கேட்டது. நான் டயர் வாங்கத்தான் போனேன், பாகப்பிரிவினைக்கு அல்ல. எனக்கு முன்னால் நின்ற டாக்ஸிக்காரரிடம் அவன் இப்படி ஒன்றும் கேட்கவில்லை. “ஓடுற மாதிரி ரெண்டு போடுப்பா” என்றார் அவர், போட்டான், போய்விட்டார். ஜீப்பில் வந்து இறங்கிய பாவத்துக்கு என்னிடம் மட்டும் பர்சென்ட் கணக்கு. “எழுபதுக்கு முப்பது” என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் ‘முப்பது’ என்று நான் சொன்னபோது ஒரு கணம் குனிந்து என் செருப்பைப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எந்த ஏடி டயர், அதாவது ஆல்-டெரெய்ன் டயர், நல்லது என்பதைக் கடைசியில் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஜியோலாண்டர், அப்டெரா, வாண்டரர், கேஓ2 என்று ஒரு நோட்டு நிறையக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பர்சென்ட் விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடலாம்.

இதை எதில் அளப்பது? கிலோமீட்டரிலா? அப்படியானால் ஆபீஸ், டியூஷன், ரேஷன் கடை, மறுபடி டியூஷன் என்று தொண்ணூற்றொன்பதே முக்கால் தார் ரோடுதான். நேரத்தில் அளந்தால் கொஞ்சம் கௌரவமாக வரும். மணலில் புதைந்து யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் அளந்தால் நம்மில் எல்லோருமே நூற்றுக்கு நூறு ஆஃப்ரோடு. பால் வாங்கப் போன கதையை எந்த ஜீப்காரன் சொல்லியிருக்கிறான்?

அந்த முப்பதை நிறைவேற்றலாம் என்று கிளம்பினாலும் போக இடம் வேண்டுமே. காடு வனத் துறையுடையது. ஏரி நீர்வளத் துறையுடையது. ஆற்றில் இறங்கினால் மணல் அள்ள வந்தவன் என்று பிடித்து வைப்பார்கள். மலைக்குப் போகலாம் என்றால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் தார், வால்பாறையின் 40-ம் தார். ஆக, டயர் கம்பெனிகள் எல்லாத் தரைக்கும் டயர் செய்கின்றன; தரைதான் நம் பேரில் இல்லை.

இனி, எது ரோடு என்பதாவது தெளிவாக இருக்கிறதா? மில்லிங் மெஷின் வைத்துத் தாரைச் சுரண்டிவிட்டு, மேலே போடுவதற்கு அடுத்த டெண்டர் வரட்டும் என்று விட்டுவைத்த ரோடு எந்தக் கணக்கு? ஜல்லியை மட்டும் கொட்டி, போன தேர்தலிலிருந்து அப்படியே கிடக்கும் ரோடு? ‘கார் பார்க்கிங்’ என்று பலகை வைத்த கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் போன மாதம்தான் உழுதுவிட்ட நிலம்? பட்டுவேட்டியோடு ஃபோர் வீல் போட்டு வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் ஆஃப்ரோடர் என்று சொல்வதில்லை. மொய் வைக்க வந்தவர் என்றுதான் சொல்கிறார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். உளுந்து ரோட்டுக்கு வாருங்கள்.

தை, மாசியில் விளாத்திகுளம் பக்கம் போயிருக்கிறீர்களா? ரோட்டில் பாதியை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருப்பார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி ஏறித்தான் நெற்று உடைந்து பயறு உதிர வேண்டும். அடியில் தார், மேலே அரை அடிக்கு வெள்ளாமை. இது ஆன்ரோடா, ஆஃப்ரோடா? அடியில் இருப்பதை வைத்துச் சொன்னால் ஆன்ரோடு. டயர் தொடுவதை வைத்துச் சொன்னால் வயல். நெடுஞ்சாலைத் துறை ஆவணத்தில் மாவட்ட இதர சாலை. ஓரத்தில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் கணக்கில் களம்.

நான் நாகரிகமாக பிரேக் போட்டு, ஒரு பக்கம் மண்ணில் இறக்கி, உளுந்தில் படாமல் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். ஆச்சி எழுந்துவிட்டார்.

“ஏய்யா, மேல ஏத்திப் போய்யா! ஆளாளுக்கு ஒதுங்கிப் போனா எனக்கு யாரு அடிச்சுத் தருவா?”

ஏற்றினேன். பெருமிதத்தோடுதான் ஏற்றினேன் என்பதை மறைக்கவில்லை. ஏடி டயர், ஃபோர் வீல் ஜீப், உளுந்து வேறு. தாண்டி நின்று கண்ணாடியில் பார்த்தேன். ஆச்சி குனிந்து ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார்.

“என்னய்யா டயரு இது, பள்ளம் பள்ளமா? பாதி நெத்து அப்படியே கெடக்கு. பின்னால பஸ்ஸு வரும், அது ஏறுனாத்தான் பொடியும். நீ போ ராசா.”

டயர் விமர்சனம் என்று நான் இதுவரை கேட்டவற்றில் நேர்மையானது இது ஒன்றுதான். ஆச்சி சொன்னதில் பொறியியலும் சரி. ஏடியில் பட்டன் பெரிது, பட்டனுக்குப் பட்டன் இடைவெளியும் பெரிது. சேற்றையும் கல்லையும் கவ்வுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இடைவெளி அதிகமானால் தரையில் அழுந்தும் ரப்பர் குறைகிறது. அந்த இடைவெளியில் விழுந்த நெற்று உயிர் தப்பிவிடுகிறது. நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் ஏடி பெரும்பாலும் தார் ரோட்டுக்கென்றே செய்த ஹெச்டியைவிடத் தள்ளிப் போய் நிற்பதற்கும் இந்த இடைவெளிக்குப் பங்கு உண்டு. இத்தனை கட்டம் போட்டும் என் நோட்டில் உளுந்துக்கு ஒரு கட்டம் இல்லை. பஸ் டயரின் மதிப்பு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கதை அங்கேயே முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டன் இடுக்கெல்லாம் உளுந்து. இடுக்கில் கல் சிக்காமல் வெளியே தள்ளுவதற்காகப் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள், ஸ்டோன் எஜெக்டர் என்று பெயர். கல்லைத் தள்ளுகிறது, மறுக்கவில்லை. உளுந்தைத் தள்ளவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து நாலு டயரையும் நோண்டி எடுத்ததில் வந்தது ஒரு தோசைக்குக் காணாது. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன சார், ஆஃப்ரோடா?” என்றார். ஆமாம் என்றுதானே சொல்ல வேண்டும்?

மக்காச்சோளம் காயப்போட்ட ரோடு இன்னொரு ரகம். மிளகாய் வத்தல் காயப்போட்ட ரோட்டுக்கு டயரே கிடையாது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தும்மிக்கொண்டே போக வேண்டியதுதான். இதிலெல்லாம் எது எழுபது, எது முப்பது என்று அந்தப் பையன் வந்து பிரித்துக் காட்டட்டும். ஆச்சியையும் கூப்பிடுகிறேன்.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்துவிட்டால், அது வேறு. ஏடியின் இடைவெளி அத்தனையிலும் மண் அப்பி, டயர் புதுப் பானை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். சேற்றுக்கென்றே செய்த எம்டியின் அகன்ற இடைவெளி சுற்றுகிற வேகத்தில் மண்ணை உதறிவிடும். அதற்காக எம்டி வாங்கிக்கொண்டு வருடம் முழுக்க ஆபீஸ் போக முடியுமா? போகிறார்கள். எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர் போகிறார். காலை ஆறு மணிக்கு அவர் வண்டி மேம்பாலம் ஏறுவது எங்கள் படுக்கையறைக்குக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து டயரின் வெள்ளை எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த டயரில் இதுவரை ஒட்டிய மண் குடியிருப்பின் கார் பார்க்கிங் தூசிதான். மனிதர் நல்லவர். டயரைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள்.

சத்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பட்டன் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் டயர் ஒரே சுருதியில் ஊளையிடும் என்பதால் சுற்றிலும் பட்டனின் அளவைக் கூட்டிக் குறைத்துச் செய்கிறார்கள். ஊளை பல சுருதியாகப் பிரிந்துவிடுமாம். பிரிந்துதான் இருக்கிறது. தாம்பரத்தில் ஏறினால் திருச்சி வரைக்கும் பிரிந்து பிரிந்து கேட்டுக்கொண்டே வரலாம்.

சைஸை மாற்றலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம். 245/75 ஆர்16 என்பதில் 245 மில்லிமீட்டர், 75 பர்சென்ட், 16 இஞ்ச். ஒரு டயரின் பெயரில் மூன்று அளவை. நடுவில் இங்கேயும் ஒரு பர்சென்ட். பெருக்கிக் கூட்டினால் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். 255/65 ஆர்18 போட்டால் 789. பதினைந்து கூடுகிறது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், அதாவது ஏழரை மில்லிமீட்டர். அதற்கு ரிம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏழரை என்றால் செலவு வைக்காமல் போகுமா? போதாததற்கு, மீட்டர் 98 காட்டும்போது வண்டி 100-ல் போய்க்கொண்டிருக்கும். வேகம் பிடிக்கிற கேமராவிடம் இந்தக் கணக்கை விளக்க முடியாது.

எனக்கென்று உண்மையான ஆஃப்ரோடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குலதெய்வம். சாஸ்தாக்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடியிருப்பதில்லை. எங்கள் சாஸ்தா திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே தேரிக்காட்டில், செக்கச்செவேலென்ற மணலுக்குள் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் பானை, விறகு, அரிசி, சித்தப்பா குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் மேட்டிலேயே ஜீப் உட்கார்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இறங்கியது. குட்டியானையில் வந்த உறவினர்கள் கையசைத்துவிட்டு வேறு தடத்தில் போய்விட்டார்கள். சித்தப்பா, “ஜீப்புன்னா எங்கயும் போகும்னியே” என்று ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் வந்த பதநீர்க்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

“அண்ணாச்சி, காத்த எறக்குங்க. சும்மா போட்டு முறுக்காதிய.”

காய்ந்த மணலில் பட்டனின் ஆழத்தால் பெரிய உபகாரம் இல்லை. சுழன்றால் தோண்டத்தான் செய்யும். முப்பது சொச்சம் பிஎஸ்ஐ இருப்பதைப் பதினைந்து, பதினெட்டுக்கு இறக்கினால் டயர் படிந்து தடம் நீளும், மணல் தாங்கும். என் நோட்டில் இருந்ததெல்லாம் பட்டன் டிசைன். காற்றைப் பற்றி அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் கேன் தொங்க, காலால் உந்திக்கொண்டே தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் எங்களைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். எக்ஸ்எல் 100-ன் டயர் சைஸ் 2.50-16. அவருக்கும் ரிம் 16 இஞ்ச், எனக்கும் 16 இஞ்ச். அவர் டயரில் பட்டன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இதை சித்தப்பாவும் கவனித்துவிட்டார் என்பதுதான் வருத்தம்.

திரும்பி வரும் வழியில், இறக்கிய காற்றை அடிக்க ஒரு பங்சர் கடை. “நைட்ரஜனா, நார்மலா?” என்றார் கடைக்காரர். சாதாரணக் காற்றிலேயே 78 பர்சென்ட் நைட்ரஜன் இருக்கிறது. இன்னொரு பர்சென்ட்! நார்மல் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

சரி, எந்த டயர் என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். 2025 செப்டம்பரில் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது; குறையட்டும் என்று அதுவரை காத்திருந்தேன். குறைந்தது. இப்போது புது மாடல் வருகிறதாம், அதற்காகக் காத்திருக்கிறேன். பிஎஃப் குட்ரிச் தன் முதல் ஆல்-டெரெய்ன் டயரைக் கொண்டுவந்தது 1976-ல். அன்றிலிருந்து புது மாடல் வந்துகொண்டேதான் இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயும் வரை சட்டமும் என்னை ஒன்றும் கேட்காது.

அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தக் கம்பெனி டயரை வாங்கினாலும் ஐந்தாக வாங்குங்கள். ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிற வண்டியில் நாலு சக்கரமும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். மூன்று புது டயருக்கு நடுவே பழைய ஸ்டெப்னியை மாட்டி, கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். அதைச் சரி செய்கிற செலவில் இன்னொரு செட் டயர் வாங்கலாம். கடையில் ஆஃபர் என்று சொல்வது நாலு டயருக்குத்தான். ஐந்தாவதற்கு முழு விலை.