‘நம்பிக்கைதான் சார் முக்கியம்!’

ஆடி போய் ஆவணி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் தபாலின் நிறம் மாறிவிடும். நடிகைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் புரோக்கர் கமிஷனைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுக்கே.

வீட்டு புரோக்கருக்கு இலக்கணம் சொல்லுங்களேன்?
– வாடகைவாசி, மேற்கு மாம்பலம்

நூறு பேருக்குச் சொந்த வீடு வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் வாடகை வீட்டில் இருப்பவர்.

புரோக்கரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடவேண்டுமா? ‘நம்பிக்கைதான் சார் முக்கியம், பேப்பர் எதுக்கு?’ என்கிறார்.
– முதல் வீடு தேடுபவர், வேளச்சேரி

இப்படிச் சொல்பவர், பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் உங்கள் பைக்கை விட்டு ஓர் அடி நகராமல் நிற்பார், கவனியுங்கள். அவருக்கு உங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கையோ, அதே அளவு நீங்களும் அவர்மேல் வைத்தால் போதும்.

பேப்பர் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை என்று நீங்களும் குஷியாகிவிட வேண்டாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஒருவரை ஏஜென்டாக அமர்த்த முத்திரைத்தாள் தேவையில்லை. டீக்கடையில் ‘நல்ல வீடா பாருங்கண்ணே, உங்களுக்குச் செய்யறதைச் செஞ்சுடறேன்’ என்றீர்களே, வம்புக்கு அதுவே தாராளம். செய்வது என்றால் எவ்வளவு? உங்கள் மனசில் பத்தாயிரம், அவர் மனசில் 2 சதவீதம். 80 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு அது 1,60,000 ரூபாய். சரி, 2 சதவீதம் என்றே பேசினீர்கள். எதில்? வீட்டு விலையில் மட்டுமா, கார் பார்க்கிங்குக்கும் மாடுலர் கிச்சனுக்கும் தனியாகக் கொடுப்பதையும் சேர்த்தா? எப்போது? அட்வான்ஸ் போட்ட அன்றே பாதி என்பார். ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவோ, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை வேலை முடிந்தால்தான் கூலி என்கிறது. அந்த ‘வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை’ என்ற இடுக்கில்தான் பாதி புரோக்கர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

ஒரு பக்கம் எழுதினால் போதும். எந்த வீடு, கமிஷன் எத்தனை ரூபாய் (சதவீதத்தை விட்டுத்தள்ளுங்கள், தொகையாகவே எழுதுங்கள்), கிரயப் பத்திரம் பதிவான பிறகுதான் பணம், ஓனரிடமும் வாங்குகிறாரா இல்லையா, வியாபாரம் முறிந்தால் முன்னால் வாங்கியதை எத்தனை நாளில் திருப்புவார். முக்கியமாக, இன்னொரு புரோக்கர் பங்கு கேட்டு வந்தால் அது இவர் பாடு. இந்தக் கடைசி வரியை அலட்சியம் செய்யாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் ஓனர் வீட்டு வரவேற்பறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓனர், ஓனர் மனைவி, நீங்கள், உங்கள் புரோக்கர். சோபாவில் இன்னும் நாலு பேர் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெண் வீட்டார் அவர்களைப் பிள்ளை வீட்டார் என்று நினைக்க, பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைக்கும் கல்யாணப் பந்திக்காரர்கள் மாதிரி. ஒருவர் ஓனரின் புரோக்கர், ஒருவர் உங்கள் புரோக்கருக்குத் தகவல் சொன்ன இஸ்திரிக்காரர், ஒருவர் அந்த இஸ்திரிக்காரரின் மச்சான். நாலாமவர் யாரென்று மற்ற மூவருக்கும் தெரியாது. கிளம்பும்போது நாலு பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

புரோக்கர் கமிஷனோடு ஜி.எஸ்.டி.யும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– கணக்குப்பிள்ளை, ஈரோடு

ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கொடுத்தால் 18 சதவீதம் கொடுங்கள். பில் இல்லையென்றால் அது வரியில்லை, டிப்ஸ்.

என்னிடமும் கமிஷன், ஓனரிடமும் கமிஷன். இது நியாயமா?
– இரட்டை வேடம் பிடிக்காதவர், மதுரை

உங்களிடம் ‘ஓனர் இறங்க மாட்டார்’ என்பார். ஓனரிடம் ‘பார்ட்டி ஏற மாட்டார்’ என்பார். இறங்காதவரையும் ஏறாதவரையும் ஒரே படியில் நிறுத்திக் கையெழுத்து வாங்குகிறாரே, அந்த வித்தைக்கு இரண்டு பக்கமும் கொடுப்பது நம்மூர் வழக்கம். இரண்டு பேருக்கும் தெரிந்து நடந்தால் நான் குறுக்கே வரமாட்டேன்.

தெரியாமல் நடப்பதுதான் வில்லங்கம். ஓனர் கேட்பது 60 லட்சம். உங்களிடம் சொல்வது 65. நடுவில் இருக்கும் 5 லட்சத்துக்கு ரசீதும் கிடையாது, வெட்கமும் கிடையாது. அவர் உங்கள் ஏஜென்டாக இருந்து, உங்களுக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்களே கேட்டு வாங்கலாம் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 216-வது பிரிவு. 150 வருஷத்துக்கு முன்னாலேயே வெள்ளைக்காரன் நம்ம புரோக்கர்களை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான்.

ஆனால் ‘உங்கள் ஏஜென்டாக இருந்து’ என்பதை நிரூபிக்கவேண்டும். அவர் ஓனர் அமர்த்திய ஆள் என்றால் விசுவாசமும் அங்கேதான். நீங்கள் வெறும் பார்ட்டி. வீட்டைப் பார்ப்பதற்கு முன், ‘அண்ணே, நீங்க யார் ஆளு?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். ‘நான் ரெண்டு பேருக்கும் பொது’ என்றால், உங்களால் எவ்வளவு தரமுடியும் என்பதை அவரிடம் உளறாதீர்கள். விலை ஓனர் வாயிலிருந்து நேரடியாக வரட்டும்.

புரோக்கர் காட்டிய வீட்டில் ஈசானிய மூலையில் பாத்ரூம். வாங்கலாமா?
– வாஸ்து நம்பிக்கையாளர், கும்பகோணம்

ஈசானிய மூலையை அடுத்த வாரம் பார்க்கலாம். முதலில் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். வாஸ்துக்காரர் அதற்கும் காசு கேட்பார்.

‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நடந்து பார்த்தேன், 40 நிமிடம்!
– கால் வலிக்காரர், ஊரப்பாக்கம்

பஸ் எதுவும் வராத இடத்தில் பஸ் ஸ்டாண்ட் 5 நிமிடம் என்று போடுவது நம் ரியல் எஸ்டேட் இலக்கிய மரபு. ஏர்போர்ட் 20 நிமிடம் என்றால் விமானத்தில். ‘ஐ.டி. காரிடார் அருகில்’ என்றால் காரிடாரில் நிற்பவர் பைனாகுலரில் பார்த்தால் தெரியும் தூரம். ‘சுவையான குடிநீர்’ என்றால் லாரி உண்டு. ‘அமைதியான சூழல்’ என்றால் தெருவிளக்கு இல்லை. ‘வேகமாக வளர்ந்துவரும் பகுதி’ என்றால் வளர்வது கருவேலமரம்.

அடுக்குமாடிகளுக்கு இத்தாலிய ஊர்ப் பெயர் வைக்கும் மோகம் பற்றி இந்தப் பகுதியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன், விடமாட்டேன். சதுப்பு நிலத்தை மண்ணடித்து மூடி, கட்டிடத்துக்கு வெனிஸ் என்று பெயர் வைக்கிறவர்களை மட்டும் மன்னிக்கலாம். ஐப்பசி மழையில் பெயருக்கு நியாயம் செய்துவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதுதான் ரெரா, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு நஷ்ட ஈடு உண்டு என்கிறது. விலகிக்கொள்ள நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். எனவே நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். வடை மடித்து வந்திருந்தாலும் எண்ணெயைத் துடைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லா புரோக்கரும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

இல்லை. ரெராவில் பதிவான புராஜெக்டில் ஃப்ளாட்டோ மனையோ விற்க வருகிற ஏஜென்ட் பதிவு செய்தே தீரவேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பரப்பு, அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் என்றால் புராஜெக்டே பதிவுக்கு உட்பட்டது. ஏஜென்ட் பதிவில்லாமல் வியாபாரம் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறும். உங்கள் தெருமுனை அண்ணன் ஒரு பழைய தனி வீட்டைக் காட்டுகிறாரே, அவர் இதில் மாட்டமாட்டார். அவருக்கு 1872-தான்.

விசிட்டிங் கார்டில் ஒரு நீள எண்ணைப் போட்டு ‘ரெரா அப்ரூவ்டு’ என்று நீட்டினால், எண் புராஜெக்டுடையதா ஏஜென்டுடையதா என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் தட்டிப் பாருங்கள். சில சமயம் அது அவருடைய செல்போன் எண்ணாகவும் இருக்கும்.

புரோக்கரே ஓனரிடம் ‘பவர்’ வாங்கி வைத்திருக்கிறார். பயமில்லையே?
– பவர்கட், சேலம்

பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சாதாரண பவர், கொடுத்தவர் போனால் கூடவே போய்விடும். அவர் நலமென்றால், கிரயப் பத்திரத்தை முறைப்படி உங்கள் பெயருக்குப் பதிவு செய்து வாங்குங்கள். வெறும் பவர் பத்திரத்தைக் கையில் கொடுத்து ‘இனி வீடு உங்களுது’ என்றால் நம்பாதீர்கள். பவரால் மட்டும் சொத்து கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லிவிட்டது.

டல்லாஸில் இருக்கும் மகன் வீடு பார்க்கிறான். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே ஏஜென்ட் கையெழுத்துக் கேட்கிறாராம். ஏமாற்று வேலையா?
– கவலைப்படும் அப்பா, திருச்சி

இல்லை சார், அங்கே 2024 ஆகஸ்ட் 17-லிருந்து அதுதான் நடைமுறை. அதுவரை விற்பவர் கொடுக்கும் கமிஷனிலேயே வாங்குபவரின் ஏஜென்டுக்கும் பங்கு போய்க்கொண்டிருந்தது. ‘எதிராளியின் ஆளுக்கு நாங்கள் ஏன் அழவேண்டும்?’ என்று மிசௌரியில் வீடு விற்றவர்கள் கேஸ் போட்டார்கள். 2023 அக்டோபரில் ஜூரி அவர்கள் பக்கம் சாய்ந்தது. அடுத்த மார்ச்சில் ரியல்டர்களின் தேசிய சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்து சமரசத்துக்கு வந்தது. அதில் பிறந்ததுதான் இந்தக் கையெழுத்து.

சங்கத்து ஏஜென்டுடைய ஒப்பந்தத்தில் கூலி தொகையாகவோ சதவீதமாகவோ திட்டமாக இருக்கவேண்டும். ‘விற்பவர் தருவது எதுவோ அது’ என்று மொட்டையாக எழுதக்கூடாது. எழுதியதற்கு மேல் வேறு யாரிடமும் அவர் வாங்கவும் கூடாது. கமிஷன் பேரத்துக்கு உட்பட்டது என்ற வரியும் அதிலேயே இருக்கும். மகனிடம் அதைப் படிக்கச் சொல்லுங்கள். கூடவே ஒப்பந்தக் காலத்தைப் பாருங்கள். ஆறு மாதம், வேறு ஏஜென்டிடம் போகக்கூடாது என்றிருந்தால், ஒரு மாதம் போதும் என்று குறைக்கச் சொல்லலாம். சும்மா ஓப்பன் ஹவுஸில் நுழைந்து எட்டிப் பார்ப்பதற்குக் கையெழுத்து வேண்டாம்.

நம்ம ஊரில் கையெழுத்து வாங்காமலே பதினெட்டு வீடு காட்டுவார்கள். அதில் பதினேழு, விற்பனைக்கு இருக்கும் அந்தப் பதினெட்டாவது வீட்டை நமக்கு அழகாகக் காட்டுவதற்காக.

கணவர் இறந்தபின் வந்த பணத்தில் சின்ன ஃப்ளாட் பார்த்தேன். புரோக்கர் கையில் 2 லட்சம் டோக்கன் ரொக்கமாகக் கொடுத்தேன். பேங்க் லோன் மறுத்துவிட்டது. டோக்கன் திரும்பாது, தன் கமிஷனும் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு சகோதரி, செங்கல்பட்டு

அம்மா, உங்களுக்கு வேடிக்கையாகப் பதில் எழுத மனம் வரவில்லை.

கமிஷனை இப்போது கொடுக்காதீர்கள். கிரயம் ஆகாத வீட்டுக்கு, அட்வான்ஸிலேயே கமிஷன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அவர் கேட்கமுடியாது.

டோக்கன் விஷயத்தில், பணம் ஓனர் கைக்குப் போனதா, புரோக்கரிடமே நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்கே ஓனருக்குப் போன் செய்யுங்கள். பல சமயம் ஓனருக்கு 50,000 ரூபாய்தான் போயிருக்கும், சில சமயம் ஒன்றுமே போயிருக்காது. புரோக்கருக்கும் ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: ‘இன்ன தேதியில் 2 லட்சம் உங்கள் கையில் கொடுத்தேன், லோன் கிடைக்கவில்லை, திருப்பித் தாருங்கள்.’ வாங்கவே இல்லை என்று மறுக்காமல் அவர் எந்தப் பதில் போட்டாலும், ‘அதெல்லாம் திரும்பாது’ என்று போட்டாலும், பணம் வாங்கியதற்கு அது சாட்சி. அழிக்காதீர்கள். பேங்க் மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள்.

‘திரும்பாது’ என்பது தானாக வரும் சட்டமல்ல. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கவேண்டும். போட்டிருந்தால் வழக்கு கொஞ்சம் கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தத்தை உறுதி செய்யக் கொடுத்த அச்சாரத்தை, வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் ஏற்றதுண்டு. எதுவுமே எழுதவில்லையென்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். இன்னொன்று, சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, அபராதம் வாங்கியவருக்குத்தான். வக்கீல் நோட்டீஸில் இந்த ஒரு வரி வந்தாலே பலருக்கு ஞாபகசக்தி திரும்பிவிடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு, அதனால் ‘அடுத்த மாசம் தர்றேன்மா’ என்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். நோட்டீஸ் போனபின் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பவேண்டும் என்ற ஒரு வரியை முதலிலேயே எழுதி வாங்குங்கள், செக்கில் ஓனர் பெயருக்கே கொடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையே பதிவு செய்யவேண்டும். பில்டரிடம் வாங்குகிறவர்கள், பதிவு செய்த ஒப்பந்தம் கைக்கு வரும்வரை 10 சதவீதத்துக்கு மேல் பைசா தரவேண்டியதில்லை.

கமிஷனுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டா?
– சிக்கனம், காரைக்குடி

தமிழ்நாட்டில் இல்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தேவையும் இல்லை.

புரோக்கரே இல்லாமல் வீடு வாங்க முடியாதா?
– சுயமரியாதைக்காரர், தஞ்சாவூர்

தாராளமாக முடியும். பதிவு முடித்து, பால் காய்ச்சி, பாத்திரம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது காலிங்பெல் அடிக்கும். வெளியே ஒருவர் நிற்பார். ‘சார், போன தையில இந்த வீட்டுப் பக்கமா கையைக் காட்டி, அது காலியாயிருக்குன்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா?’