நீருக்கடியில் ஒரு ஸ்கூட்டர்வாலா

டெல்லியில் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு ஸ்கூட்டர் என்று பெயர். 31 வருஷத்துக்கு முன்னால், வேலைக்கான ஆணையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது, அழைத்துப்போக வந்த சித்தப்பா, "வா, ஸ்கூட்டர்ல போயிடலாம்" என்றார். டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் முதுகில் எப்படித் தொற்றிக்கொள்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே வெளியே வந்தேன். மூன்று சக்கரத்தில் ஒன்று வந்து நின்றது. அன்றிலிருந்து, ஸ்கூட்டர் என்ற பெயரில் என் வாழ்க்கைக்குள் வந்த எதுவும் நான் நினைத்த மாதிரி இருந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நானே ஒன்று வாங்கினேன். பழைய வண்டிதான். ஜனவரிக் குளிரில் அதை உதைப்பதற்கு முன் ஒரு பக்கமாகச் சாய்த்து, கைக்குழந்தையைப் போலக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்கூட்டர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சடங்கு இது. சடங்கு முடிந்ததும் மற்றவர்களுக்கு வண்டி கிளம்பும். எனக்கு வண்டி நிற்கும். நான் கிளம்புவேன், பஸ்ஸுக்கு.

இந்தப் பூர்வ கதை எதற்கென்றால், போன நவம்பரில் சான் டியகோவிலிருந்து மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். லா ஹோயா என்ற கடற்கரை. மாப்பிள்ளை தண்ணீருக்குள் மிதந்துகொண்டு ஒரு யந்திரத்தைப் பிடித்திருக்கிறார். மேஜை விசிறியைக் கூண்டோடு கழற்றிக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே பேட்டரி, விசையை அழுத்தினால் சுழலி சுற்றி ஆளை இழுத்துக்கொண்டு போகும், விட்டால் நின்றுவிடும். வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஐ.டி.ஓ. சந்திப்பில் என் பஸ்ஸும் அதே வேகம்தான் போகிறது. வழிகாட்டி முன்னால் போக, மாப்பிள்ளை பின்னால் போக, கீழே புள்ளி போட்ட சிறுத்தைச் சுறாக்கள் யாரையும் கண்டுகொள்ளாமல் திரிந்தன. மனிதர்களை அவை ஒன்றும் செய்யாதாம். "அப்பா, இதுக்குப் பேரு அண்டர்வாட்டர் ஸ்கூட்டர். காலை உதைக்கவே வேண்டாம்" என்றாள் மகள்.

உதைக்க வேண்டாத ஸ்கூட்டர்! அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

அன்றைக்கு டெல்லியில் காற்றின் தர எண் நானூறைத் தாண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மயூர் விஹார் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இந்தக் காற்றைச் சுவாசிப்பதைவிடத் தண்ணீருக்குள் குழாய் வைத்துச் சுவாசிப்பது மேல் என்று தோன்றியது.

அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. தவறு என்னுடையது. "எங்கள் நாட்டில் மூன்று பக்கமும் கடல்" என்று 31 வருஷமாகப் பஞ்சாபி நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி, மதராஸி என்றால் பாதி மீன் என்று அவர்களை நம்ப வைத்திருந்தேன். உண்மையில் என் ஊர் கும்பகோணம் பக்கம். எங்கள் ஆற்றில் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் ஆற்றில் தண்ணீர் வர வேண்டும். அது வந்த வருஷங்களில் எனக்குப் பரீட்சை இருந்தது.

கலிபோர்னியாவுக்குப் போக வசதியில்லை. ஆனால் மத்திய அரசு ஊழியனுக்கு எல்.டி.சி. என்று ஒரு வரம் உண்டு. சொந்த ஊருக்குப் போக வேண்டிய சலுகையை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போகலாம். ஆக, கும்பகோணத்துக் குலதெய்வத்தை அடுத்த முறைக்கு ஒத்திவைத்துவிட்டு, ஹேவ்லாக் தீவுக்கு, 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிய அந்தத் தீவுக்கு, டிக்கெட் போட்டேன். நானும் மனைவியும் அரசாங்கச் செலவில். மைத்துனன் அவன் செலவில், என் நிர்வாகத்தில்.

ஸ்கூட்டரையும் இங்கிருந்தே வாங்கிப் போய்விட்டால் என்ன என்று ஒரு யோசனை. மைத்துனன் அதைக் கிள்ளி எறிந்தான். நூற்றறுபது வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம். "தவிர அத்தான், இந்த மாதிரி வண்டியில உக்காந்துதான் இத்தாலிக்காரங்க 1941-ல அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள்ள போயி ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு வெடி வச்சாங்க. அவங்க அதுக்கு வச்ச பேரு பன்னி" என்றான். பன்றி என்று பெயர் வைத்த பிறகு அதன் மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. ஆசை குறையவில்லை.

பயிற்சி வீட்டிலேயே நடந்தது. கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் வாங்கி, குளியலறை வாளியில் முகத்தைக் கவிழ்த்தேன். வாளிக்குள் என் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரிக் கேட்டது. இன்னும் ஆழமாகப் போக வசதியாக இருக்குமே என்று வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயை அதோடு இணைத்துப் பார்க்கக் கிளம்பினேன். நல்ல வேளையாக மகள் போனில் தடுத்தாள். குழாய் நீண்டால் நாம் விட்ட மூச்சே வெளியே போகாமல் குழாய்க்குள் நின்று திரும்ப நமக்கே வருமாம். அதற்கும் மேல், கொஞ்சம் ஆழம் போனாலே தண்ணீர் நெஞ்சை அழுத்துவதால் மேலிருந்து காற்றை உறிஞ்ச முடியாதாம். அதனால்தான் குழாய் ஒரு முழத்துக்கு மேல் இருப்பதில்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பது டெல்லி மெட்ரோவில் எங்களுக்குப் பழக்கம்தானே என்று வாதாடினேன். எடுபடவில்லை.

முகமூடியைக் கழற்றாமலே பால் வாங்கக் கீழே போனதுதான் பிசகு. மாடி வீட்டு சர்மாஜி என்னை நிறுத்தி, "இது எந்தக் கம்பெனி? தூசியை நன்றாக நிறுத்துகிறதா?" என்று கேட்டார். மறுநாள் அவர் மனைவியும் விலை விசாரித்தார்.

விமானம் வரைக்கும் என் கௌரவம் பத்திரமாக இருந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போகும் கப்பலில் அது போயிற்று. கடல் கொஞ்சம் குலுக்கியது. மைத்துனன் ஜன்னலோரம் நின்று, ராஜேந்திர சோழன் கப்பற்படை போனது இந்தப் பக்கம்தான், தஞ்சாவூர்க் கல்வெட்டில் நிக்கோபாருக்கு மாநக்கவாரம் என்று பெயர் இருக்கிறது என்று அடுத்த இருக்கை வங்காளிக் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் சோழ நாட்டின் நேர் வாரிசு ஒருவன் காகிதப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். மனைவி என் முதுகைத் தடவியபடி, "அந்தப் படையில நீங்க இருந்திருந்தா மாநக்கவாரம் தப்பிச்சிருக்கும்" என்றாள்.

மனைவி தூத்துக்குடி. அவள் தாத்தா சங்கு குளிக்கப் போனவர். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். அதற்குப் பிறகும் சங்குதான் அவர்களுக்குச் சோறு போட்டது. குளிப்பவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடித்திருப்பான், தங்கை தாலி அறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை, என்று என் மாமனார் சொல்வார். அந்தக் கணக்கில்தான் மைத்துனனைக் கூட்டிவந்திருந்தேன். எலிஃபண்ட் பீச்சில் இறங்கியதும் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அத்தான், எளநி சாப்பிட்டு வாறேன்."

எலிஃபண்ட் பீச்சில் இப்போது யானை கிடையாது. முன்பு மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் இந்தத் தீவுகளில் கடலில் நீந்தும். கடைசியாக நீந்திக்கொண்டிருந்த ராஜன் 2016-இல் இறந்துபோயிற்று. நாலு டன் யானை நீந்திய கடலில் எழுபத்தெட்டு கிலோ மனிதன் மூழ்க மாட்டான் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுத் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வழிகாட்டிப் பையனுக்கு இருபது வயது இருக்கும். வெயில் பட்டுப் பட்டுத் தேக்குக் கட்டை நிறம். நான் என் டெல்லி ஹிந்தியில், "தம்பி, ஸ்கூட்டர் எங்கே?" என்று கேட்டேன். அவன் புரியாமல் பார்த்தான். கைகளை நீட்டி, விசையை அழுத்தி, உடம்பை முன்னால் தள்ளி, வாயால் சத்தம் எழுப்பி நடித்துக் காட்டினேன். கரையில் இருந்த குழந்தைகள் கைதட்டினார்கள். அவன் யோசித்துவிட்டு ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து நீட்டினான். "இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இழுப்பேன். ஸ்கூட்டர் நான்தான்" என்றான் அவனும் ஹிந்தியில்.

முதலில் மீசைப் பிரச்சினை. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. மீசை நடுவில் இருந்தால் ஒட்டாது. எடுத்துவிடலாமா என்றான் பையன். 35 வருஷத்து மீசை. என் தலையில் மிச்சமிருக்கும் முடியைவிட அதில் அதிகம். முடியாது என்றேன். வாஸ்லைனைப் பூசினான். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்க்கச் சொன்னான். ஆக, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எச்சில் தடவிய இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாஸ்லைன் மீசையும் மிதவைச் சட்டையுமாக இறங்கினேன். மனைவி எனக்கு முன்பே வளையத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. அதை அவள் கடலிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

முகத்தைக் கவிழ்த்தேன். நேர் எதிரே என் முழங்கை நீளத்துக்கு ஒரு பிராணி வாயைத் திறந்துகொண்டு வந்தது. தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும் என்பது பிறகு தெரிந்துகொண்ட அறிவியல். மைனஸ் நாலு பவருள்ளவன் கண்ணாடியில்லாமல் பார்த்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதை எந்த அறிவியலும் சொல்லவில்லை. "ஐயோ அம்மா, சுறா!" என்று குழாய் வழியாகவே கத்தினேன். குழாய்க்குள் தண்ணீர் வந்தது. மீசை வழியாக மூக்குக்குள்ளும் வந்தது.

பையன் என்னைத் தூக்கி நிறுத்தினான். "அண்ணே, தமிழா நீங்க?"

தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். அரை மணி நேரமாக இரண்டு தமிழர்கள் நடுக்கடலில் இரண்டு விதமான கொச்சை ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். "சுறா இல்லண்ணே, அது கிளிமீன்" என்றான். இருந்த ஆழம்? நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் மார்பளவுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கடல் தெரிந்தது. தாய்மொழியில் கேட்டதால் இருக்கலாம். கிளிமீன் பவளப்பாறையைக் கடித்துக் கடித்துத் தின்பது காதில் நொறுக்குத் தீனிச் சத்தமாகக் கேட்டது. பாறையைத் தின்று பாசியைச் செரித்துக்கொண்டு மிச்சத்தை வெள்ளை மணலாகப் பின்பக்கம் கழித்துவிடும். பெரிய மீனென்றால் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ. முந்தின நாள் மனைவி, டெல்லியில் பூஜை அறையில் வைக்கலாம் என்று ஒரு பாட்டிலில் அந்த வெள்ளை மணலை அள்ளி வைத்திருந்தாள். அவளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மிதந்தேன்.

மணலில் கறுப்பாகக் கடல் அட்டை ஒன்று கிடந்தது. 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஊரில் சொந்தக்காரர்கள் அதைப் பிடித்த தொழிலை விட்டே ரொம்ப நாளாயிற்று என்றான் பையன். பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிடுமாம். கப்பலில் என்னைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

நான் அதிக நேரம் நின்றது கோமாளி மீன் வீட்டு வாசலில். கடற்சாமந்தியின் விஷக் கொடுக்குகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து மீன்கள். "அந்தப் பெருசு இருக்குல்ல, அதுதாண்ணே பொம்பள. வீடு அது சொல்றபடிதான். ரெண்டாவது, புருஷன். மத்ததெல்லாம் சின்னதுங்க. பொம்பள செத்துப்போச்சுன்னா புருஷனே பொம்பளயா மாறிடும்." நான் புருஷன் மீனை உற்றுப் பார்த்தேன். பெரியதற்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் கீழே, எங்கே போகிறோம் என்று கேட்காமல் நீந்திக்கொண்டிருந்தது. அடையாளம் தெரிந்தது. வளையத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மனைவி தலையைத் தூக்கி, "ஏங்க, போதும், அந்தப் பக்கம் போகலாம்" என்றாள். போனோம்.

காலை மட்டும் ஆட்டாதீங்க என்று பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளரவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். ஒரு உதையில் என் சர்வீஸ் மொத்தமும் போய்விடும். உதைக்கக் கூடாத ஸ்கூட்டர் கடைசியில் கிடைத்தேவிட்டது.

கரைக்கு வந்தபோது மைத்துனன் மூன்றாவது இளநீரில் இருந்தான். சட்டைப்பையில் கரையொதுங்கிய பவளத் துண்டு இரண்டு. அதுவும் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் துழாவுவார்கள் என்று பையன் சொன்னதும் பழைய இடத்திலேயே போட்டான். மணல் பாட்டிலையும் கொட்டிவிடலாம் என்றேன், காரணத்தோடு. மனைவி கொட்டியதுமல்லாமல் கையையும் நான்கு தடவை கழுவினாள்.

டெல்லி திரும்பி எல்.டி.சி. கணக்கைச் சமர்ப்பித்தேன். விமானம், கப்பல் எல்லாம் எழுதிய பிறகு, ஒரு கிறுக்கில் கடைசி வரியில், "ஸ்கூட்டர், எலிஃபண்ட் பீச்" என்று வளையக்காரப் பையனுக்குக் கொடுத்ததையும் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. உள்ளூர் ஸ்கூட்டர் கட்டணம் விதிப்படி அனுமதிக்கத்தக்கதல்ல. எனினும், மேற்படி ஸ்கூட்டர் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தூரம் ஆகியவற்றைக் கிலோமீட்டரில் தெரிவிக்கவும்.

பதில் எழுதிக்கொண்டிருந்தேன்: "புறப்பட்ட இடம், கரை. சேர்ந்த இடம், அதே கரை. தூரம், 0.04 கிலோமீட்டர்." மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"அதுல நீங்க நடந்து வந்த தூரத்தைக் கழிச்சுடுங்க" என்றாள்.