சேமியாமை இயல்

சேமியாமை என்பது, மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளை நிறுவியவர் 'பக்கத்தைச் சேமி' என்ற பொத்தானை அழுத்த, எழுதியது ஏறாமல் ஒரு பிழைச்செய்தியோடு அவரிடமே திரும்பி வருவது. அது ஐவகைப்படும்: முன்வெறுமை, பருமிகை, அமர்வொழிவு, கடையிழப்பு, வாற்சிதைவு. ஐந்தும் ஒன்றே என்ப ஒரு சாரார்.

முன்வெறுமை: லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி. அழிக்கத் தீரும்.

பருமிகை: அனுப்பியது பிஎச்பியின் இயல்பு வரம்பான 8 எம்பியைத் தாண்டியது. படிவம் காலியாகப் போய்ச் சேரும். வரம்பை உயர்த்துக.

அமர்வொழிவு: பெருவழக்கு இதுவே. அமர்வுத் தரவு தொலைந்துவிட்டதாகச் செய்தி வரும். 2016இல் வெளிவந்த 1.27ஆம் பதிப்பிலிருந்து அமர்வு தங்குமிடம் மீடியாவிக்கியின் கேஷ். அந்த நினைவகம் நிரம்பினாலோ காலியானாலோ அமர்வும் போகும். அமர்வின் கேஷைத் தரவுத்தளத்துக்கு மாற்றும் ஒற்றை வரியை லோக்கல்செட்டிங்ஸில் சேர்த்தால் பெரும்பாலும் தீரும். செய்தி அந்த வரியைச் சொல்வதில்லை. விடுபதிகை செய்து மீண்டும் புகுபதிகை செய்யச் சொல்கிறது. புகுபதிகைக்கும் அமர்வு வேண்டும்.

கடையிழப்பு: தொகுப்புப் படிவத்தின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் உண்டு. கடைசியில் இருப்பது ஒன்றே அதன் வேலை. அது வந்து சேராவிட்டால் வழியில் ஏதோ உதிர்ந்தது என்று பொருள். கல்யாண பஸ்ஸில் கடைசி சீட்டு மாமா ஏறிவிட்டாரா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுவது போன்றது இம்முறை.

வாற்சிதைவு: இதுவே இவ்வியலின் உயிர். வால்சிதைவு என்று எழுதுவாரும் உளர்; அவர் புணர்ச்சி அறியார். ஒவ்வொரு தொகுப்புடனும் ஒரு டோக்கன் போகிறது. பிற தளம் எதுவும் பயனர் பெயரால் கள்ளத்தனமாக எழுதிவிடாமல் அது காக்கும். அதன் முடிவில் '+\' என இரு குறிகள். புகுபதிகை செய்யாதவரின் டோக்கனில் உடலே இல்லை, வால் மட்டும். பழுதான ப்ராக்ஸி வழியே போனால் '+' இடைவெளியாகும், '\' இரட்டிக்கும். வாலுக்கு நேர்ந்தது கட்டுரைக்கும் நேர்ந்திருக்கும் என்று கருதி மென்பொருள் தொகுப்பைத் தள்ளிவிடும்.

இவ்விரு குறிகளும் அசைச்சொல் என்ப ஒரு சாரார். பொருள் விளங்காததை அசை என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போவது உரைகாரர் மரபாதலின் இது பொருந்தும். அசையன்று, சாரியை என்ப அவரை மறுத்த சாரார். '+' சாரியை, '\' இடைச்சொல் என்ப, மறுத்தாரை மறுத்து, அம்மறுப்புக்கு முனைவர் பட்டமும் பெற்று, பணி உறுதியான பின் தம் ஆய்வேட்டைத் தாமே மறுத்த சாரார். வாலே இல்லை, பிற்கால இடைச்செருகல் என்ப, இம்மூவரையும் படிக்காமலே மூவருக்கும் அணிந்துரை வழங்கிய சாரார். இவர்களின் பெயர் கேட்கலாகாது. புலவர் என்றதோடு நிறுத்திக்கொள்ளத் தொல்காப்பியமே வழிகாட்டியிருக்கிறது. இவருள் ஒருவரும் விக்கி நிறுவியதில்லை என்பது மட்டும் உறுதி.

வாற்சிதைவுக்குத் தீர்வு, ப்ராக்ஸியை மாற்றுவது.

ஐவகைக்கும் பொதுவிதி ஒன்றே: பொத்தானை அழுத்துமுன் எழுதியதை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டிவைக்க. இதை மறுத்த சாரார் எவரும் இலர். மறந்த சாரார் பலர்.