ரோம் காட்டிய தண்ணி

மியூனிக்,
ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோமில் நாலு நாள் சுற்றிவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கால் இரண்டும் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நீயும் அப்பாவும் வரும்போது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் ஹோட்டலில் தண்ணி கேட்டேன். வந்தது நம்ம கோலி சோடாவுக்கு அக்கா. நாக்கில் சுருக்கென்றது, பில்லைப் பார்த்ததும் நெஞ்சிலும். கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் தனிக் காசு! காபிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. டீக்கடை வாசலில் நின்றே பழகிய அப்பா பிழைத்துக்கொள்வார்.

ஆனால் தெருவில் தண்ணி இலவசம், அம்மா. இடுப்புக்கு மேல் உயரமாக ஓர் இரும்புத் தூண், அதில் வளைந்த குழாய். ஊரில் இப்படி 2,000-க்கும் மேல். 'நாசோனே' என்று பெயர். பெரிய மூக்கு என்று அர்த்தம். 1870-களில் வைக்க ஆரம்பித்தார்களாம். தாமிரபரணிப் பழக்கத்தில் குனிந்து கையேந்திக் குடித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி உச்சுக் கொட்டிவிட்டு, மூக்கு நுனியை விரலால் அடைத்தாள். மேலே இருந்த சின்ன ஓட்டை வழியாகத் தண்ணி வில்லாக எழும்பி அவள் வாய்க்கு வந்தது. நான் அடைத்தபோது என் மூக்குக்கண்ணாடிக்கு வந்தது.

ட்ரெவி நீரூற்றில் கொட்டுவது, கி.மு. 19-ல் ரோமத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாயின் வழி வரும் தண்ணி. முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேல் காசு வீசினால் மறுபடி ரோமுக்கு வருவோமாம். உன் மருமகள் மூன்று வீசினாள். அந்தக் காசு ஏழைகளுக்குப் போகிறது என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். 2019 முதல் தடை. நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

திருச்செந்தூரில் சட்டையைக் கழற்று என்கிறார்கள். வாட்டிகன் பேராலயத்தில் தோளையும் முட்டியையும் மூடு என்கிறார்கள். அரைக்கால் சட்டையில் போன நான், உன் மருமகளின் துப்பட்டாவைச் சாரமாகக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அப்பாவுக்கு வேட்டி இருக்கிறது. மடித்துக் கட்டாமல் வந்தால் சரி.

கடைசி நாள் அவள் இரண்டு பாட்டில் மூக்குத் தண்ணி பிடித்துக்கொண்டாள், காசித் தீர்த்தம் மாதிரி. விமான நிலையச் சோதனையில் கொட்டச் சொன்னார்கள். மனசு வராமல் அங்கேயே நின்று இருவரும் குடித்துத் தீர்த்தோம். பெல்ட்டை அவிழ்க்காதீர்கள் என்ற விளக்கு எரிந்த அரைமணி நேரமும் நான் முருகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உன் சின்னவன்