மொட்டை மாடியில் பாத்தி கட்டுகிறவர்

புதுச்சேரி வழுதாவூர் சாலையில் நின்று, கதிர்காமத்தில் சொல்தா வீடு எது என்று விசாரித்தால், வழி சொல்ல மாட்டார்கள். “எந்த சொல்தா?” என்று திருப்பிக் கேட்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்துவிட்டு, யூரோவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டியபடி செங்கல் எண்ணுகிறவர் இந்தப் பக்கம் ஒருவரல்ல. அவர்களில் ஒருவரைப் பார்த்தால் மற்றவர்களையும் பார்த்த மாதிரிதான்.

சொல்தாவின் அப்பா ஏர் பிடித்தவர். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே கைமாறிவிட்டாலும், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை என்றால் சரியாகச் சம்பா பட்டம். நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களத்தில் சேர்ப்பதற்குள், தன் குடும்பம் எந்த தேசம் என்றும் அந்த மனிதர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார். பையன் கலப்பையை விட்டுத் துப்பாக்கியைப் பிடித்தான்.

போர்க்கதை கேட்கலாம் என்று சொல்தாவிடம் போய் உட்காருகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அவருக்கு நாடுகளெல்லாம் மண்வாகாகத்தான் ஞாபகம். “ஜிபூத்தியா? கல்லும் உப்பும். ஒண்ணும் வெளையாது. சாட் பரவால்ல, கம்பு மாதிரி ஒண்ணு போடுவான். பிரான்சு நல்ல மண்ணு, ஆனா களையெடுக்க ஆள் கெடைக்காது.” ஐரோப்பிய வல்லரசு ஒன்றைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

அந்நாளில் சிப்பாய்க்கு 15 வருட சேவை இருந்தால் பென்ஷன் உண்டு. இருபதில் போனவர் முப்பத்தைந்தில் ஓய்வுபெற்று ஊர் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்ற மனுஷன் என்ன செய்வான்? வீடு கட்டுவான். கட்டிக்கொண்டே இருப்பான்.

காலை 8 மணிக்கு வேலை என்றால் 7:50க்கு வாசலில் நிற்பார். கொத்தனார், சித்தாள் எல்லோரையும் எண்ணுவார். மேஸ்திரியிடம் ரசமட்டம் இருக்கிறது. இருந்தாலும் இவர் தனியாக ஒன்று வைத்திருப்பார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் ஒரு நூல் விலகியிருந்தால் இடிக்கச் சொல்வார். சாரத்துக்குச் சவுக்குக் கட்டை வந்து இறங்கினால், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, “இது ரெண்டு வருஷம் முன்னாடியே வெட்டிட்டான், பாவி” என்பார். சவுக்கு போட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் அது தெரியும். இன்ஜினீயருக்குத் தெரியாது. தெரியாது என்பதை இன்ஜினீயரிடம் சொல்லவும் செய்வார்.

ஆனால் சொல்தாவை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் தளம் போட்ட மறுநாள் மாடிக்குப் போக வேண்டும். சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். தளம் வெடிக்காமல் இறுக இதுதான் வழி. இந்த ஒரு வேலையைச் சொல்தா யாரிடமும் விட மாட்டார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே உட்கார்ந்து வரப்பு போடுவார். எங்காவது கசிந்தால் விரலாலேயே அணைப்பார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு! அப்பா கழனியாக விட்டுப்போன மனையில்தான் வீடே நிற்கிறது.

“ஏழு நாள் நின்னா போதுங்கய்யா” என்பார் மேஸ்திரி.

“நாத்தங்கால்ல தண்ணிய வடிய வுட்டுட்டு வூட்டுக்குப் போறவனா நீ? இருபத்தோரு நாளு நிக்கட்டும்.”

“தவளை வந்துடும்ய்யா.”

“வரட்டும். தவள கத்துனா மழ வரும். மோட்டார் போடற கரண்டு மிச்சம்.”

மாடிகள் பிள்ளைகளின் தலைக்கு ஒன்று. பிள்ளைகளோ பாரிஸ் ஓரத்தில், சார்செலிலும் கிரிஞியிலும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் லீவுக்கு வந்து, வெயில் தாங்காமல் ஏசி அறையை விட்டு வெளியே வராமல் திரும்பிப் போவார்கள். அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்டதில் அப்பா பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். விளைவு, மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்த மருமகளை, பிரெஞ்சு ஆபீசில் மாமனார் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணும் எழுந்து போகிறாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதற்குச் சொல்தா சான்று கொடுக்க வேண்டும். அதில்லாமல் பென்ஷன் வராது. “இவரு போடற சத்தத்துக்கு சான்று வேறயா?” என்பது வீட்டம்மா கட்சி. தனக்குப் பிறகு அவருக்குப் பாதி பென்ஷன் உண்டு என்று சண்டையின்போது சொல்தா ஞாபகப்படுத்துவார். “பாதிதானா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விடுவார்.

ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் கோட்டு போட்டு, மெடல் குத்தி, விறைப்பாக நிற்பார். முடிந்ததும் அதே கோட்டோடு நேரே பூச்சு வேலை பார்க்க வந்துவிடுவார். புதிதாக வந்த சித்தாள் பெண் மெடல்களைப் பார்த்து, “என்னா தாத்தா, ஓட்டப்பந்தயமா?” என்று கேட்டாள். “ஆமாம்மா. ஓடுனது ஆப்பிரிக்காவுல” என்று சொல்லிவிட்டு, கலவையில் மணல் ஜாஸ்தி என்று திட்ட ஆரம்பித்தார்.

2010இல் கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, பூட்டிக் கிடந்த மாடிகளுக்கு வாடகைக்கு ஆள் வருகிறார்கள். நீங்களும் போவதாக இருந்தால், 10 மணி என்று சொல்லியிருந்தால் 9:55க்குப் போங்கள். சொந்த ஊர் எது, நிலம் இருக்கிறதா, இந்த வருஷம் என்ன போட்டீர்கள் என்று கேட்பார். கடைசிக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் அட்வான்சில் குறைப்பார். குழாயைச் சொட்ட விட்டுவிட்டு மட்டும் வெளியே கிளம்பிவிடாதீர்கள். அந்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிடுவார்.