கொல்லையில கிடக்கு, கூரியர்ல வருது

ஏலே தம்பி, இங்கன வா. அது என்னலே கையில பளபளன்னு பொட்டலம்? முருங்கையிலைப் பொடியா? ஆன்லைன்ல வாங்கினியா? நல்லா இரு. உன் தலைக்கு மேல நிக்கே, அது என்ன மரம்னு நினைச்ச? காலையில அதோட இலையைக் கூட்டி அள்ளிக் குப்பையில கொட்டுனது நீதான?

வீட்டுக் கொல்லைப் பச்சிலை மருந்துக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்துலயே கேலி பேசி வச்சிருக்காங்க. உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருக்கணும். நீ அப்ப பொறக்கல, அவ்வளவுதான்.

எங்க ஆச்சி மருந்துன்னு தனியா எதையும் நீட்டுனதில்ல. எல்லாம் சோத்தோட போச்சு. மார்கழிப் பனியில நெஞ்சு கட்டுச்சுன்னா, வேலியில ஏறிக் கிடக்க தூதுவளையைப் பறிச்சு, முள்ளை ஆய்ஞ்சு, நெய்யில வதக்கி, மிளகு சீரகத்தோட அம்மியில அரைச்சு ரசத்துல கரைச்சிருவா. குடிச்சவனுக்கே தெரியாது.

பிரண்டை கதை வேற. இளங்கணுவாப் பாத்து ஒடிக்கணும், நாரை உரிக்கணும், கையில நல்லெண்ணெய் தடவிக்கிடணும். நல்லா வதங்கிப் புளியும் சேந்தாத்தான் அது துவையல். இல்லன்னா தொண்டை அரிச்சுப் பிடுங்கிரும். இது தெரியாம எங்க தெருவுல ஒரு பய, பச்சையாக் குடிச்சா எலும்பு இரும்பாகும்னு வீடியோ பாத்து மிக்சியில அடிச்சுக் குடிச்சிட்டான். ரெண்டு நாளாப் பேச்சே வரல. அவன் பெண்டாட்டி எங்கிட்ட வந்து, இன்னும் நாலு கணு கிடைக்குமா தாத்தான்னு கேக்கா!

உன்னை மட்டும் சொல்லி என்ன? மஞ்சத்தூள் புண்ணை ஆத்தும்னு கண்டுபிடிச்சிட்டோம்னு அமெரிக்காவுல 1995-ல காப்புரிமையே வாங்கிட்டாங்கல்லா. நம்ம அரசாங்கத்து ஆராய்ச்சிக்காரங்க பழைய பொஸ்தகங்களை எடுத்துக் காட்டி வாதாடி, 1997-ல அதை ரத்து பண்ண வச்சாங்க. முழங்கால்ல மஞ்சப் பத்தோட திரிஞ்ச எங்க தெருப் பயலுவளைக் கூட்டிட்டுப் போயிருந்தா ஒரே நாள்ல வழக்கு முடிஞ்சிருக்கும்.

கற்பூரவல்லிக்கு நீ வாங்கியிருக்க தொட்டியைப் பாத்தேன். தேங்கா நார் உரம், பேர்ப்பலகை வேற. அது என்ன கலெக்டரா? ஒரு கொப்பை ஒடிச்சுச் சொருகுனா தானா வரும். நித்தம் தண்ணி ஊத்திக் கொஞ்சுனாத்தான் அழுகும். இலையைக் கடலைமாவுல தோச்சு பஜ்ஜி போடு. கசாயம்னா ஓடுற பிள்ளை கைநீட்டி வாங்கும்.

கல்யாண வீட்டுல பாத்தியா, கோன் மருதாணி அஞ்சு நிமிசத்துல கறுப்பாப் பிடிக்குதாம். எந்த இலைலே கறுப்பாப் பிடிக்கும்? மருதாணின்னா செக்கச் செவேல்னு பிடிக்கும், அதுவும் ராத்திரி முழுக்கக் கையை விரிச்சிட்டுக் கிடந்தா. கறுப்புக்காக முடிச்சாய மருந்தைக் கலக்குதானுவ. கை கொப்புளிச்சா டாக்டருக்கும் சேத்து மொய் எழுது.

இன்னொரு கூட்டம் இருக்கு. ஆஸ்பத்திரியே வேண்டாங்குற கூட்டம். சர்க்கரைக்கு நல்லதுன்னு நித்தியகல்யாணியை மெல்லுதான். அந்தச் செடியில இருந்துதான் ரத்தப் புத்துநோய்க்கு வின்கிறிஸ்டின்னு ஊசி மருந்து எடுக்காங்க. அம்புட்டு வீரியம். கொழுந்தைக் கண்டா விடாத வெள்ளாடே அதை மோந்துட்டு விலகிப் போகும். உனக்கு என்னலே அவசரம்?

கண்ணு மஞ்சளாப் போனா கீழாநெல்லியைத் தேடி வரப்புல குனியாத. முதல்ல ரத்தத்தைக் குடுத்துப் பாரு. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சும்மாவா சொன்னாங்க? சளி, இருமலுக்கு நம்ம கைவைத்தியத்துக்கு அதுதான் கெடு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல்னா அந்த மூணு நாளும் கிடையாது, உடனே வண்டியைக் கட்டு.

சரி, மாடியில இடமில்லன்னு மட்டும் சொல்லாத. உடைஞ்ச வாளி இருக்கா? அடியில ஓட்டை இருந்தா ரொம்ப நல்லது. எடுத்துட்டு வா, கற்பூரவல்லிக் கொப்பு ஒண்ணும் தூதுவளைப் பழம் நாலும் தாரேன். துட்டு வேண்டாம். செடியோட நின்னு படம் எடுத்துப் போட்டன்னா மட்டும், வந்து பிடுங்கிட்டுப் போயிருவேன்.